இரும்பிலே கலை கண்டவர்

பழம்பொருள்கள் அனைத்தும் உலகில் போற்றப்படுவதில்லை. பழகித் தேய்ந்த பானையும் பெட்டியும் வண்டியும் காலம் கடந்ததும் புறத்தே எறியப்படுகின்றன. ஆயினும், அவற்றுள் ஒரு சில மட்டும் ஆண்டுகள் ஏற ஏற மதிப்பும் ஏறப்பெற்று, அரும்பொருட் காட்சிச்சாலையில் இடம் பெறுகின்றன. இவ்வேறுபாடு எதனால் உண்டாகிறது? பொருளின் பழமையாலா? அதனைச் செய்தவர் அதன்மீது வைத்த கருத்தாலா? இவ்வினாவுக்கு விடை கூறும் வரலாறுகளுள் ஒன்று, எட்டோரே புகாட்டி என்னும் பொறிவல்லாரின் வாழ்க்கை வரலாறு ஆகும்.

பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியில் முலூஸ் என்னும் நகரம் உள்ளது. அங்கே பழைய கம்பளி நூற்பாலையாக இருந்த கட்டடத்தில், நூற்றுக்கணக்கான பழைய மோட்டார் வண்டிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரே மனிதரின் பெயரைத் தாங்கியவை. பெரும்பாலானவற்றின் முகப்பு குதிரையின் லாடத்தைப் போல வளைந்திருக்கும். அவ்வளைவின் உச்சியில், செந்நிற நீள்வட்டத்தில் வெண்ணிற எழுத்துகளால் 'புகாட்டி' என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்வண்டிகளைக் காணப் பல நாட்டு மக்களும் அங்கே வருகின்றனர். இவை போன்ற வண்டி ஒன்று ஏலத்திற்கு வருமாயின், பெருஞ்செல்வர்கள் போட்டியிட்டு வாங்குகின்றனர். இவற்றைப் படைத்தவரோ தம் இறுதி நாளில் மகனை இழந்து, ஆலையை இழந்து, வழக்காடும் நிலையில் வருந்தியவர்.

பிறப்பும் குடியும்

எட்டோரே புகாட்டி 1881ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் இத்தாலி நாட்டின் மிலான் நகரில் பிறந்தார். அவருடைய குடி கலைக்குடி. தந்தையார் கார்லோ புகாட்டி, மரத்தால் அரிய இருக்கைகளும் பேழைகளும் செய்து, அவற்றில் உலோகத் தகடுகளைப் பதித்து அழகுசெய்யும் கலைஞர். 1902ஆம் ஆண்டு துரின் நகரில் நடைபெற்ற அனைத்துலகக் கண்காட்சியில் அவருடைய வேலைப்பாடுகள் பரிசு பெற்றன. ஆல்ப்சு மலைக் காட்சிகளைத் தீட்டிப் புகழ்பெற்ற ஓவியர் சேகன்தீனி, அக்குடும்பத்திற்கு நெருங்கிய உறவினர். இவ்வாறு உளியின் ஒலியும் வண்ணத்தின் மணமும் நிறைந்த இல்லத்தில் எட்டோரே வளர்ந்தார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தார். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ரெம்பிராண்ட் என்பது. ஓவியப் பேராசான் ஒருவரின் பெயரைத் தாங்கிய அவ்விளைஞர், களிமண்ணைக் கையில் எடுத்தால் விலங்கு உயிர் பெற்று எழும். மூத்தவரும் முதலில் கலை பயிலவே எண்ணியிருந்தார். ஆனால், தம்பியின் கைத்திறத்தைக் கண்ட அவர், தாம் எத்துணை முயன்றாலும் அந்நிலையை எய்த இயலாது என்று உணர்ந்து அத்துறையை விட்டு விலகினார் என்பர். தம் ஆற்றலின் எல்லையை இளமையிலேயே அறிவது எளிதன்று. அதை அறிந்தபின் உள்ளம் சோராமல் தமக்குரிய வேறு துறையைத் தேடுவது அதனினும் அரிது. எட்டோரே அவ்வாறு தேடிக் கண்ட துறை, அந்நாளில் புதிதாகத் தோன்றியிருந்த மோட்டார் வண்டித் தொழிலாகும்.

தொழிலில் நுழைதல்

ஏறத்தாழப் பதினேழு வயதில் எட்டோரே மிலான் நகரின் பிரினெட்டி, ஸ்டூக்கி என்போரின் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அங்கே மிதிவண்டிகளும் மூன்று சக்கர மோட்டார் வண்டிகளும் செய்யப்பட்டன. பொறியியற் கல்லூரி எதிலும் அவர் பயின்றாரல்லர். அரமும் சுத்தியலும் கடைசல் எந்திரமுமே அவருக்கு ஆசிரியர்களாயின. மூன்று சக்கர வண்டி ஒன்றில் இரண்டு இயந்திரங்களைப் பொருத்தி, அதனைத் தாமே பந்தயங்களில் ஓட்டினார். பின்னர் நான்கு சக்கர வண்டி ஒன்றைத் தாமே திட்டமிட்டுச் செய்தார். அவ்வண்டி 1901ஆம் ஆண்டு மிலான் கண்காட்சியில் வைக்கப்பட்டுப் பரிசு பெற்றது. அப்போது அவருக்கு வயது இருபது கூட நிரம்பவில்லை.

அவ்வண்டியின் சிறப்பு, அல்சாஸ் நாட்டில் இரும்புத் தொழில் நடத்திவந்த டி டீட்ரிக் பிரபுவின் செவிக்கு எட்டியது. பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே கிடக்கும் அல்சாஸ் பகுதி, அந்நாளில் ஜெர்மானியப் பேரரசைச் சார்ந்திருந்தது. டி டீட்ரிக் நிறுவனத்தார், வண்டிகளைத் திட்டமிட்டுத் தருமாறு இவ்விளைஞரை அழைத்தனர். ஒப்பந்தம் எழுதும் வேளையில் ஒரு தடை தோன்றியது. எட்டோரே சட்டப்படி இன்னும் வயது நிரம்பாதவர். ஆதலின், அவருடைய தந்தையார் அவர்பொருட்டுக் கையொப்பமிட நேர்ந்தது. கையொப்பமிடும் உரிமை பெறாத ஒருவரிடம், ஒரு பெரிய நிறுவனம் தன் வண்டிப் பணியை ஒப்படைத்தது எனின், அவ்விளைஞரின் திறனை நாம் எளிதில் உணரலாம்.

அப்பணி நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1904ஆம் ஆண்டு முடிவுற்றது. அதன்பின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் எமில் மாத்திஸ் என்பவருடன் சேர்ந்து உழைத்தார். 1907ஆம் ஆண்டு ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்த டாய்ட்ஸ் நிறுவனத்தில் மோட்டார் வண்டிப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். நான்கு வீச்சு இயந்திரத்தை உருவாக்கிய நிக்கொலாஸ் ஆட்டோ தோற்றுவித்த நிறுவனம் அது. ஊதியமும் மதிப்பும் குறைவின்றிக் கிடைத்தன. ஆயினும், பிறர் விரும்பும் பெரிய, கனத்த வண்டிகளைச் செய்வதில் அவர் உள்ளம் நிறைவு பெறவில்லை.

அக்காலத்து விரைவு வண்டிகள் உருவத்தில் யானையையும் ஓசையில் இடியையும் ஒத்தவை. வேகம் வேண்டுமெனில் இயந்திரத்தைப் பெரிதாக்க வேண்டும் என்பதே அன்றைய பொறியாளர் பலரின் கருத்து. எட்டோரே இதனை ஏற்கவில்லை. கனத்தைக் குறைத்தால் சிறிய இயந்திரமும் பெரிய வேலையைச் செய்யும். வளைவுகளில் இலேசான வண்டியே எளிதில் திரும்பும். தடைபோட்டால் அதுவே விரைவில் நிற்கும். இவ்வெண்ணத்தை மெய்ப்பிக்க, கொலோனில் தாம் குடியிருந்த வீட்டின் நிலவறையிலேயே, ஓய்வு நேரங்களில் ஒரு சிறு வண்டியைச் செய்து முடித்தார். பகலில் பிறர்க்காக உழைத்து, இரவில் தம் கனவுக்காக உழைத்த அக்காலமே அவருடைய வாழ்வின் அடிப்படையாக அமைந்தது.

மோல்சைமில் ஒரு பட்டறை

1909ஆம் ஆண்டு இறுதியில் எட்டோரே கொலோனை விட்டு நீங்கினார். மனைவியையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மீண்டும் அல்சாஸ் பகுதிக்கு வந்து, மோல்சைம் என்னும் சிற்றூரில் கைவிடப்பட்டுக் கிடந்த சாயப்பட்டறை ஒன்றை வாடகைக்கு அமர்த்தினார். வங்கியிற் பெற்ற கடனும், எர்னஸ்ட் பிரிடெரிக் என்னும் உண்மையான உதவியாளரும், சில தொழிலாளருமே அவருடைய முதல். முதலாண்டில் விரல்விட்டு எண்ணத்தக்க வண்டிகளே வெளிவந்தன.

அடுத்த ஆண்டே, அதாவது 1911ஆம் ஆண்டில், அச்சிறு பட்டறையின் பெயர் ஐரோப்பா எங்கும் பரவியது. பிரான்சு நாட்டின் லே மான் நகரில் நடந்த பெரும் பந்தயத்தில், பிரிடெரிக் தம் சிறு வண்டியுடன் கலந்துகொண்டார். அதன் இயந்திரக் கொள்ளளவு ஒன்றரை லிட்டருக்கும் குறைவு. அதனோடு ஓடியவற்றுள் பியட் நிறுவனத்தின் வண்டியோ பத்து லிட்டர் இயந்திரம் உடையது. பார்த்தவர்கள் சிறு வண்டியை விளையாட்டுப் பொருளாகக் கருதி நகைத்தனர். பெரிய வண்டிகள் ஒவ்வொன்றாகப் பழுதுற்று விலகின. சக்கரத்தின் உறைகள் கிழிந்து நின்றன. முடிவில் பியட் வண்டி முதலாவதாக வந்தது. அதற்கு அடுத்ததாக வந்தது மோல்சைம் வண்டி. நகைத்தவர் வியந்தனர். உருவு கண்டு எள்ளுதல் தகாது என்னும் உண்மை அன்று பந்தய மேடையில் விளங்கியது.

போரும் மீட்சியும்

1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. மோல்சைம் ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தது. எட்டோரேயோ இத்தாலியக் குடிமகன். ஆகவே, பந்தயத்திற்கென ஆயத்தம் செய்திருந்த சிறு வண்டிகளின் பகுதிகளைப் பிறர் கையில் சிக்காதவாறு புதைத்து வைத்துவிட்டு, அவர் குடும்பத்துடன் வெளியேறினார் என்பர். போர்க்காலத்தில் விமானங்களுக்கான இயந்திரங்களைத் திட்டமிட்டுத் தந்தார்.

அப்போர் அவருக்குப் பெருந்துயரத்தையும் தந்தது. தம்பி ரெம்பிராண்ட், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகர விலங்குக் காட்சிச்சாலையில் பல நாள் அமர்ந்து, யானையும் சிறுத்தையும் மானும் அசையும் அசைவை நோக்கிச் சிலை வடித்தவர். போர் அவ்வமைதியைக் குலைத்தது. அவருடைய மென்மையான உள்ளமும் உடைந்தது. 1916ஆம் ஆண்டு, முப்பத்தொரு வயதில், அவர் பாரிசு நகரில் மறைந்தார். அண்ணன் அத்தம்பியை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

போர் முடிந்தபின் அல்சாஸ் பகுதி பிரான்சு நாட்டின் உரிமையாயிற்று. எட்டோரே மோல்சைமுக்குத் திரும்பி, கைவிட்டுச் சென்ற தொழிலை மீண்டும் தொடங்கினார். 1920ஆம் ஆண்டு லே மானில் நடந்த சிறுவண்டிப் பந்தயத்தில் பிரிடெரிக் வெற்றி பெற்றார். மறு ஆண்டு இத்தாலியின் பிரெஷா நகரில் நடந்த பந்தயத்தில், முதல் நான்கு இடங்களையும் மோல்சைம் வண்டிகளே கைப்பற்றின.

முப்பத்தைந்தாம் வகை

எட்டோரே தம் வண்டி வகைகளுக்கு எண்ணிட்டு வழங்கினார். அவற்றுள் உலகப் புகழ் பெற்றது முப்பத்தைந்தாம் வகை. 1924ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் லியோன் நகரின் பெரும்பந்தயத்தில் அது முதன்முதலாகத் தோன்றியது. கண்டவர் அனைவரும் அதன் வடிவழகில் மயங்கினர். ஆனால், அன்று வெற்றி கிட்டவில்லை. சக்கர உறைகளின் ரப்பர் சரிவரப் பதப்படுத்தப்படாமையால் அவை மீண்டும் மீண்டும் கிழிந்தன. அழகிய வண்டி தோல்வியுற்றது என்று பலர் பேசினர். எட்டோரே வண்டியின் அமைப்பை மாற்றவில்லை. குறை வண்டியில் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவ்வண்டியின் சில பகுதிகளை நோக்கினால், அவருடைய சிந்தனை எத்தகையது என்பது விளங்கும். மற்றவர்கள் கம்பிகளாலான சக்கரங்களைப் பொருத்திய காலத்தில், அவர் அலுமினியத்தை வார்த்து, எட்டுப் பட்டை ஆரங்கள் கொண்ட சக்கரத்தைச் செய்தார். தடை போடும் உருளையும் அச்சக்கரத்தோடே ஒன்றாக வார்க்கப்பட்டது. அதனால் தடையில் எழும் வெப்பம் விரைவில் காற்றில் கலந்தது. சக்கரத்தைக் கழற்றினால் தடையின் உட்பகுதியும் உடனே கண்ணுக்குப் புலனாகும். அதனைச் செப்பனிடுவதும் எளிதாயிற்று. அழகுக்கென்று ஒன்று, பயனுக்கென்று ஒன்று என அவர் பிரித்தாரல்லர். பயன் செவ்வனே அமையும்போது அழகும் தானே அமையும் என்பது அவர் கொள்கை.

முன் அச்சு மற்றொரு சான்று. பிறர் அச்சின்மேல் வில்லை வைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்டினர். எட்டோரே, அச்சின் ஊடே சதுரத் துளை அமைத்து, அத்துளையின் வழியே வில்லைச் செலுத்தினார். அச்சின் நடுப்பகுதி உள்ளீடற்றது. ஆதலின் கனம் குறைந்தது. அதன் மேற்புறம் கண்ணாடி போலத் துலக்கப்பட்டது. இயந்திரத்தின் பக்கங்களையும் தொழிலாளர் கையாலேயே சுரண்டிச் சமன்செய்தனர். மூடியைத் திறவாதவர் கண்ணுக்குத் தோன்றாத பகுதிகளும் இவ்வாறே செப்பமுற்றன. கடையில் விற்கும் திருகாணிகள் தமக்கு நிறைவளிக்காமையால், திருகாணிகளையும் தம் பட்டறையிலேயே தனி வடிவில் செய்வித்தார். காண்பார் உண்டோ இல்லையோ, செய்வது செம்மையாக இருத்தல் வேண்டும் என்பது மோல்சைமில் எழுதாச் சட்டமாக இருந்தது.

லியோன் தோல்விக்குப்பின் வந்த ஆண்டுகள் வெற்றி ஆண்டுகளாக அமைந்தன. இத்தாலியின் சிசிலித் தீவில், மலைப்பாதைகளின் வழியே நடக்கும் தார்கா புளோரியோ என்னும் கடும் பந்தயத்தில், 1925 முதல் 1929 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து புகாட்டி வண்டிகளே வென்றன. 1929ஆம் ஆண்டு மொனாக்கோ நகரில் முதன்முதலாக நடந்த பெரும்பந்தயத்திலும் அவ்வகை வண்டியே முதலிடம் பெற்றது.

இதில் கருதத்தக்க சிறப்பு ஒன்று உண்டு. மற்ற நிறுவனத்தார் தம் பந்தய வண்டிகளைப் பிறர் தொடவும் விடார். எட்டோரேயோ, தாம் பந்தயத்தில் ஓட்டுவிக்கும் வண்டியைப் போன்றதையே விலைக்கு விற்றார். பொருளும் துணிவும் உடையோர் எவரும் அதனை வாங்கிச் சாலையில் ஓட்டிவந்து, பந்தயத்திலும் கலந்துகொள்ளலாம். செக் நாட்டைச் சேர்ந்த எலிஷ்கா யுன்கோவா என்னும் பெண்மணி அவ்வாறு வந்தவருள் ஒருவர். பெண்கள் வண்டி ஓட்டுவதே அரிதாக இருந்த காலத்தில், அவர் 1928ஆம் ஆண்டு தார்கா புளோரியோவில் கலந்துகொண்டார். மலைப்பாதையின் வளைவுகளை முன்னரே நடந்து நடந்து மனத்திற் பதித்துக்கொண்டு, புகழ்பெற்ற வீரர் பலரையும் முந்தி ஒரு கட்டத்தில் முதலிடத்தில் ஓடினார். இயந்திரம் வெப்பமுற்றமையால் முடிவில் ஐந்தாவதாக வந்தார். இத்தகையோர் பலரின் கையில் ஓடியமையாலேயே அவ்வண்டியின் புகழ் நாடெங்கும் பரவிற்று.

பெருமையும் பிடிவாதமும்

பெரியோரிடத்தும் குறை உண்டு; அதனை மறைத்துக் கூறுதல் வரலாறாகாது. எட்டோரேயிடம் பெருமிதம் மிகுதி. தம் கருத்தே சரி எனக் கொள்ளும் பிடிவாதமும் அவரிடம் இருந்தது. பிற நாட்டார் நீர்ம அழுத்தத்தால் இயங்கும் தடைகளைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே ஏற்றுக்கொண்டும், அவர் கம்பியால் இழுக்கும் பழைய தடைகளையே விடாது பற்றியிருந்தார். 1938ஆம் ஆண்டில்தான் மோல்சைம் வண்டிகளில் புதிய முறை புகுந்தது.

எனினும், பிறரிடம் சிறப்பைக் கண்டபோது அதனை ஏற்கவும் அவர் அறிந்திருந்தார். 1929ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் ஹாரி மில்லர் செய்த இரண்டு பந்தய வண்டிகள் ஐரோப்பாவுக்கு வந்தன. அவற்றைக் கண்ட எட்டோரே, தம் வண்டிகள் மூன்றனைக் கொடுத்து அவ்விரண்டையும் மாற்றாகப் பெற்று, பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாகத் தோன்றிய புதிய இயந்திரம், 1931ஆம் ஆண்டு மொனாக்கோவில் வெற்றி தேடித் தந்தது.

அவருடைய பெருமிதம் முழுவதும் ஓருருவாகத் திரண்டது போன்றது நாற்பத்தொன்றாம் வகை. அதனை 'ராயல்' என்று வழங்குவர். உலகில் அதுகாறும் தோன்றிய வண்டிகள் அனைத்தினும் மேம்பட்டதாக, அரசர்களுக்கே உரியதாக ஒரு வண்டி செய்ய வேண்டும் என்று அவர் எண்ணினார். எட்டு உருளைகள் கொண்ட அதன் இயந்திரம் ஏறத்தாழ 12.7 லிட்டர் கொள்ளளவு உடையது. வண்டியின் நீளம் ஏறத்தாழ 21 அடி. எடை ஏறத்தாழ மூன்று டன். முகப்பின் உச்சியில் துதிக்கை உயர்த்தி நிற்கும் சிறு யானை உருவம் ஒன்று விளங்கியது. அது தம்பி ரெம்பிராண்ட் வடித்த சிலையின் படி. தம்பியின் கலையைத் தம் படைப்பின் தலைமேல் அவர் இவ்வாறு ஏற்றி வைத்தார்.

இருபத்தைந்து வண்டிகள் செய்வதென்று திட்டம். ஆனால், 1929ஆம் ஆண்டு தோன்றிய பெரும் பொருளாதார வீழ்ச்சி உலகெங்கும் செல்வரைத் தாக்கியது. அரசர் எவரும் ராயல் வண்டியை வாங்க முன்வரவில்லை. செய்யப்பட்டவை ஆறே, அவற்றுள் விற்கப்பட்டவை மூன்றே. எஞ்சிய பெரிய இயந்திரங்கள் பட்டறையில் தேங்கிக் கிடந்தன. கடனும் தொழிலாளர் கவலையும் பெருகின.

இந்நிலையில் எட்டோரே ஒரு வழி கண்டார். அரசர்க்கென வார்த்த இயந்திரங்களை எளிய மக்கள் ஏறும் இரயில் ஊர்திகளில் பொருத்தினார். 1933ஆம் ஆண்டு முதல், நான்கு ராயல் இயந்திரங்கள் இழுக்கும் விரைவு ஊர்திகள் பிரான்சு நாட்டு இருப்புப்பாதைகளில் ஓடத்தொடங்கின. காற்றைக் கிழித்துச் செல்லும் முகப்புடைய அவ்வூர்திகள் பாரிசு நகரத்தைக் கடற்கரை ஊர்களோடும் பிற நகரங்களோடும் இணைத்தன. பெருமிதத்தால் வந்த இழப்பு, அறிவின் திறத்தால் ஆலையைக் காக்கும் ஊதியமாக மாறியது.

மகன் ழான்

எட்டோரேயின் மூத்த மகன் ழான், 1909ஆம் ஆண்டு கொலோனில் பிறந்தவர். பாட்டனாரின் கலையுணர்வும் தந்தையாரின் பொறியறிவும் அவரிடம் ஒன்றுகூடின. இருபது வயதளவிலேயே அவர் வண்டிகளின் மேற்கூடுகளை வரையத் தொடங்கினார். ஐம்பத்தேழாம் வகை அவருடைய கருத்தில் உருவானது. அவ்வகையில் 'அட்லாண்டிக்' என்னும் பெயருடைய வண்டியின் கூரையிலும் முதுகிலும், நடுவே ஒரு வரம்பு ஓடும். அதன்மீது தறையாணிகள் வரிசையாகத் தோன்றும். முதலில் அமைத்த மாதிரி வண்டிக்கு மக்னீசியம் கலந்த இலேசான உலோகம் பயன்பட்டது. அது எளிதில் தீப்பற்றும் இயல்பினது. ஆகவே, தகடுகளைப் பற்றவைத்தல் இயலாமல் ஆணியிட்டே இணைக்க நேர்ந்தது. பின்னர் அலுமினியத்தால் செய்தபோது அத்தேவை இல்லை. ஆயினும், அவ்வரம்பையே அழகாகக் கொண்டு ழான் நிலைநிறுத்தினார். குறையை அணியாக்கும் கலைஞனின் கண் அது. அவ்வகை வண்டிகள் நான்கே செய்யப்பட்டன.

1936ஆம் ஆண்டு பிரான்சு முழுவதும் தொழிலாளர் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. அவ்வலை மோல்சைமையும் எட்டியது. தொழிலாளர் ஆலையினுள் அமர்ந்தனர். ஊதிய உயர்வும் ஓய்வும் வேண்டியது அவர்தம் உரிமை. ஆனால், அவர்களைத் தம் குடும்பத்தாராகவே கருதி, தாமே அனைவர்க்கும் தலைவர் என்று எண்ணியிருந்த எட்டோரே, அதனைத் தமக்கு நேர்ந்த இகழ்ச்சியாகக் கொண்டார். உள்ளம் புண்பட்டுப் பாரிசு நகருக்குச் சென்று, பெரும்பாலும் அங்கேயே தங்கிவிட்டார். அன்பு செலுத்துவது வேறு, உரிமை வழங்குவது வேறு என்பதை அவர் உணரத் தவறினார். ஆலையின் பொறுப்பு இருபத்தேழு வயதினரான ழானின் தோள்மீது ஏறியது. அவர் அதனைத் திறம்படத் தாங்கினார். லே மானில் இருபத்து நான்கு மணி நேரம் இடைவிடாது நடக்கும் பந்தயத்தில், 1937ஆம் ஆண்டிலும் 1939ஆம் ஆண்டிலும் மோல்சைம் வண்டிகள் வென்றன.

அவ்வெற்றிக்குப்பின் இரண்டு திங்களும் கழியவில்லை. 1939ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள், லே மானில் வென்ற அவ்வண்டியையே ழான் மோல்சைமுக்கு அருகிலுள்ள சாலையில் ஓட்டிச் சோதித்தார். எதிர்பாராத வகையில் மிதிவண்டியில் ஒருவர் சாலையினுள் வந்தார். அவர்மீது மோதாமல் இருக்க ழான் வண்டியைத் திருப்பினார். வண்டி மரத்தில் மோதியது. பிறர் உயிரைக் காக்க முயன்ற அவ்விளைஞர் முப்பது வயதில் உயிர் நீத்தார். தம்பியை இழந்த அண்ணன், மகனை இழந்த தந்தையும் ஆனார்.

இறுதி நாட்கள்

மகன் மறைந்து மூன்று வாரம் கழிவதற்குள் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. ஆலையின் எந்திரங்கள் பிரான்சின் தென்மேற்கிலுள்ள போர்தோ நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஜெர்மானியர் அல்சாஸைக் கைப்பற்றியபின், மோல்சைம் ஆலையைத் தமக்கு விற்குமாறு வற்புறுத்தினர். வேறு வழியின்றி எட்டோரே விற்க நேர்ந்தது. 1944ஆம் ஆண்டு மனைவியாரும் மறைந்தார்.

போர் முடிந்தபின்னும் துன்பம் முடியவில்லை. எட்டோரே வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிரான்சு நாட்டின் புகழுக்காகச் செலவிட்டவர். ஆயினும், பிறப்பால் இத்தாலியர். இத்தாலி போரில் எதிர்ப்பக்கம் நின்றமையால், ஆலை பகைநாட்டார் உடைமையாகக் கருதப்பட்டு அரசின் பிடியில் இருந்தது. அதனை மீட்க அவர் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் 1947ஆம் ஆண்டு அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால், அப்போது அவர் கடும் நோய்வாய்ப்பட்டுக் கிடந்தார். மீண்டும் ஆலைக்குள் நுழைந்து உலையின் ஒளியைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 21ஆம் நாள் பாரிசில் அவர் காலமானார். மோல்சைமை அடுத்த டோர்லிசைம் ஊரில், குடும்பத்தாரின் கல்லறைக்கு அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அழியாப் புகழ்

தலைவரை இழந்த ஆலை சில ஆண்டுகளே வண்டி செய்தது. அவர் காலத்தில் வெளிவந்தவை மொத்தம் ஏறத்தாழ 8,000 வண்டிகள். அவற்றுள் பல பழைய இரும்பாக உருக்கப்பட்டன. பல கொட்டகைகளில் துருவேறிக் கிடந்தன. ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் வாங்கிய ராயல் வண்டி, பல நாடுகளைக் கடந்து, அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பழைய இரும்புக் கிடங்கை அடைந்தது. சார்லஸ் செய்ன் என்னும் பொறியாளர் 1940களில் அதனைக் கண்டு, சில நூறு டாலருக்கு வாங்கிச் செப்பனிட்டார். 1957ஆம் ஆண்டு அவர் அதனை டியர்பார்ன் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்டு காட்சிச்சாலைக்குக் கொடையாக வழங்கினார். 1987ஆம் ஆண்டு இலண்டனில் மற்றொரு ராயல் வண்டி ஏலம் விடப்பட்டபோது, அதன் விலை 55 லட்சம் பவுன். அன்று எவரும் வாங்காத வண்டி, பின்னாளில் எவர்க்கும் எளிதில் கிட்டாத வண்டியாயிற்று. அட்லாண்டிக் வண்டிகள் நான்கனுள் ழான் பயன்படுத்திய கருநிற வண்டி, போர்க்காலத்தில் காணாமற் போயிற்று. அதனைத் தேடுவோர் இன்னும் உளர்.

முலூஸ் நகரில் நூற்பாலை நடத்திய ஷ்லும்ப் உடன்பிறந்தார் இருவர், புகாட்டி வண்டிகள்மீது கொண்ட பற்றால் அவற்றைத் தேடித்தேடி மறைவாகச் சேர்த்தனர். ஆலைகள் நலிவுற்ற பின்னர், 1977ஆம் ஆண்டு அவர்களுடைய தொழிலாளர் உள்ளே புகுந்து கண்டபோது, நாட்டவர் அறியாத அப்பெருஞ்செல்வம் வெளிப்பட்டது. அச்செல்வம் வெளிநாடுகளுக்குச் சிதறாவண்ணம் பிரான்சு அரசு காத்தது. 1982ஆம் ஆண்டு பொதுமக்கள் காணும் காட்சிச்சாலையாகத் திறக்கப்பட்டது. நாம் தொடக்கத்திற் கண்ட காட்சிச்சாலை அதுவே.

இவ்வண்டிகளின் விலையைக் கேட்டு வியப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. இன்று சாலையில் ஓடும் எளிய வண்டியும் வேகத்திலும் பாதுகாப்பிலும் பழைய வண்டிகள் பலவற்றை விஞ்சும். அவ்வாறாயின், பழையவற்றை ஏன் போற்றுகின்றனர்? அவற்றின் ஒவ்வொரு பகுதியிலும், செய்தவர் கையும் கருத்தும் தோய்ந்திருப்பதே காரணம். துளையிட்ட அச்சும், கையாற் சுரண்டிய இயந்திரமும், தனியே வார்த்த திருகாணியும், ஒரு மனிதர் தம் தொழிலை எத்துணை மதித்தார் என்பதை இன்றும் கூறுகின்றன.

எட்டோரேயின் வாழ்வில் பிடிவாதம் உண்டு, இழப்பும் உண்டு. சிலையாலும் ஓவியத்தாலும் பெறத்தக்க கலைப்புகழ் தமக்கு இல்லை என்று இளமையில் விலகிய அவர், இரும்பாலும் அலுமினியத்தாலும் அப்புகழை எய்தினார். கலை என்பது கல்லிலும் வண்ணத்திலும் மட்டும் உறைவதன்று. செய்யும் தொழில் எதுவாயினும், பிறர் காணாத பகுதியையும் காணும் பகுதியைப் போலவே செம்மை செய்வாரிடத்து அது உறைகிறது. மாணவர்கள் தாம் எழுதும் ஏட்டிலும், பழகும் கருவியிலும், பின்னாளில் மேற்கொள்ளும் தொழிலிலும் இச்செம்மையைக் கைக்கொள்வாராக. அவ்வாறு செய்யப்பட்ட பொருள், செய்தவர் மறைந்தபின்னும் அவர் பெயரைச் சொல்லி நிற்கும்.